வயா: வேட்கையும் நோயும்

கருவுற்ற பெண்ணுக்கு முதற் சில திங்களில் உண்டாகும் குமட்டல், வாந்தி, சோர்வு, சிலவற்றின்மேல் வெறுப்பு, சிலவற்றின்மேல் தீராத ஆசை ஆகிய அனைத்தையும் சேர்த்துச் சுட்ட இன்று பெருவழக்காக உள்ள சொல் மசக்கை. சங்க இலக்கியம் இந்நிலைக்கு வழங்கிய சொல் வயா. வயவு என்றும் அது வரும். தொல்காப்பியர் உரியியலில் இச்சொல்லை எடுத்துக்கொண்டு, வேட்கை மிகுதியைக் குறிப்பது எனப் பொருள் வரையறுக்கிறார். உரியியலில் எளிதில் விளங்கும் சொற்களை விட்டு, விளங்காத சொற்களையே விளக்கப் போவதாக அவரே முன்னுரைத்திருக்கிறார். அங்ஙனமாயின் வயா என்னும் சொல் இலக்கண நூல் கற்பார்க்கு விளக்கம் வேண்டியதாக இருந்தது என்றாகிறது. கருவுற்ற மகளிர் எவர்க்கும் அது விளக்கம் வேண்டாத சொல்லாகவே இருந்திருக்கும்.

தொல்காப்பியர் தந்த பொருள் வேட்கை. சங்கப் பாடல்கள் காட்டும் பொருளோ அதனினும் விரிந்தது. ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியில், தோழி கூற்றாக அமைந்த ஐங்குறுநூற்றின் 51ஆம் பாடல் வயா என்பதனோடு நோய் என்னும் சொல்லைச் சேர்த்தே வழங்குகிறது. நீரில் வாழும் கோழியின் நீலச் சேவலை நினைந்து அதன் பேடை வயவுறும் ஊரன் தலைவன். அவனுடைய மார்பு, தலைவியின் வயா நோய், அந்நோய்க்குரிய புளிங்காய் வேட்கை ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் நிறுத்திப் பேசுகிறாள் தோழி. பரத்தையர்பால் சென்று வருகின்ற ஒருவனை நோக்கிய பேச்சு இது. அடக்கவியலாத ஆசைக்கு உவமை தேடிய தோழிக்குப் புளிங்காய் முன்வந்து நின்றது. உவமை என்ற முறையில் அது எத்தனை கூரியது என்பதைக் காட்டிலும் இங்கே நோக்கத்தக்கது மற்றொன்று. வேட்கை என்பதும் நோய் என்பதும் அப்பாடலில் ஒரே நிலையின் இரு கூறுகளாக உள்ளன. ஒன்றைச் சொல்லும்போது மற்றொன்று மறைக்கப்படவில்லை.

இவ்விரு கூறுகளும் பிற்காலத்தில் எவ்வாறு பிரிந்தன, பிரிந்ததனால் யார் எதை இழந்தனர் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கச்சிப்பேட்டு நன்னாகையாரின் குறுந்தொகைப் பாடல் (287) கருவுற்ற உடலைக் கார்மேகத்துக்கு உவமையாக்குகிறது. கடல்நீரை முகந்த மேகம் உயர எழமாட்டாமல், சுமையைத் தாங்கிக்கொண்டு, மலைகளை நோக்கி மெல்ல நகர்கிறது. கருவின் நிறையைத் திங்கட்கணக்கில் பொறுத்துத் தளர்ந்து, நடக்க இயலாமல், பச்சைப் புளியை விரும்பும் மகளிர் அதற்கு ஒப்பாகின்றனர். அம்மகளிரைக் கடுஞ்சூல் மகளிர் என்கிறார் நன்னாகையார். கடுஞ்சூல் என்பதற்கு முதற்சூல் என உரைகாண்பர். உரை அவ்வாறாயினும் கடுமை என்னும் அடையின் எடை குறைந்துவிடவில்லை. பெண்ணுடலை மேகத்துக்கு ஒப்பிடுவது மரபுக்குப் புதிதன்று. கூந்தலை மேகமென்று பாடாத புலவர் அரியர். நன்னாகையார் எடுத்துக்கொண்டது மேகத்தின் நிறத்தையன்று, அதன் பாரத்தை. இதனைப் பாடியவர் ஒரு பெண் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் நடக்க முடியாமையும் புளிப்பின்மேல் செல்லும் நாவும் ஒருங்கே நினைவுக்கு வந்தமை, அந்நிலையை அருகிலிருந்து அறிந்தவர் வாக்கு என்றே கொள்ளத் தூண்டுகிறது.

மனிதரைச் சொல்லுமிடத்து இவ்வளவில் நின்ற சங்கப் புலவர்கள், துன்பத்துக்கு உதவும் துணையைக் காட்டப் பறவைகளை நாடினர். நற்றிணையின் 263ஆம் பாடலில் கடுஞ்சூலும் வயாவும் கொண்ட நாரைப் பேடை ஒன்று கடற்கரைச் சோலைக்குப் பறந்து சேரமாட்டாமல் வயலிலேயே தங்கிவிடுகிறது. முதுமையால் முடம்பட்ட ஆண் நாரை அதற்காகக் கடல்மீனைக் கொண்டு வந்து தருகிறது. வயலிலும் மீன் உண்டு. ஆனால் வயாவுற்ற பேடைக்கு வேண்டியது கடல்மீன் போலும். குறுந்தொகையின் 85ஆம் பாடலில், வடமவண்ணக்கன் தாமோதரனார் காட்டும் ஊர்க்குருவிச் சேவல், சூல் முதிர்ந்த பேடை முட்டையிடுவதற்கு இடம் அமைக்கக் கரும்பின் மணமற்ற வெண்பூவைக் கோதி எடுக்கிறது. இவ்வூரிலிருந்து வருபவன் இனியவன், பேரன்பினன் என்று பாட்டு தலைவனைப் போற்றுகிறதே என்று மயங்க வேண்டா. பாணன் அவ்வாறு சொல்வதாகத் தோழி சொல்கிறாள்; சொல்லும் குரலில் எள்ளல் உண்டு. குருவி செய்வதை அவன் செய்யவில்லை.

புறநானூற்றின் 20ஆம் பாடல் முற்றிலும் வேறொரு களம். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடியது. அவன் நாட்டில் சோறு சமைக்கும் தீயும் ஞாயிற்றின் வெம்மையும் அல்லாமல் வேறு வெம்மை இல்லை. வானவில் அல்லாமல் கொலைவில் இல்லை. உழுபடையான கலப்பை அல்லாமல் வேறு படை இல்லை. இந்த அடுக்கின் தொடர்ச்சியாகவே, அந்நாட்டு மண்ணை வயவுற்ற மகளிர் விரும்பி உண்பதுண்டே அன்றிப் பகைவர் உண்டதில்லை என்கிறார் புலவர். மண்ணை உண்ணல் என்பதற்கு நாட்டைக் கைக்கொள்ளல் என்றொரு பொருளும் உண்டாதலின், சிலேடையால் அரசனின் பெருமை ஓங்குகிறது. கருவுற்ற பெண்கள் மண் தின்னும் வழக்கத்திற்குத் தமிழில் கிடைக்கும் தொன்மையான சான்றுகளுள் இது ஒன்று. கிழார் அவ்வழக்கத்தைக் குறை கூறவில்லை, வியக்கவும் இல்லை. சோறு சமைக்கும் தீயைப் போல அதுவும் அமைதியான நாட்டின் அன்றாடக் காட்சி. தன் வீட்டு மண்ணை அச்சமின்றி எடுத்து வாயிலிட்டுக்கொள்ள ஒரு பெண்ணால் இயலும் என்பதே நாட்டின் காவலுக்கு அளவுகோலாகிறது.

இதே காட்சி வடமொழிக் காவியத்தில் வேறு உருக்கொள்வதை ஒப்பிட்டுக் காண வேண்டும். காளிதாசரின் இரகுவமிசம் மூன்றாம் சருக்கத்தில் திலீபனின் மனைவி சுதட்சிணை கருவுற்று மண் உண்கிறாள். அவள் வாயில் எழும் மண்மணத்தை அரசன் தனிமையில் நுகர்ந்து நிறைவடையாதிருக்கிறான். காட்சி நயமானது; அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அவள் மண் உண்டதற்குக் காளிதாசர் காரணம் ஒன்று கூறுகிறார். பிறக்கப்போகும் மகன் பிற்காலத்தில் இப்பூமியை ஆண்டு நுகரப் போகிறவன். ஆகவே தாயின் மனம் பிற சுவைகளை விட்டு முதலில் மண்ணின்மேல் சென்றது என்பது அது. குறுங்கோழியூர் கிழாரின் மகளிர் தாம் விரும்பியதனால் உண்டனர். சுதட்சிணையின் விருப்பமோ அவளுடையதாக இல்லை. அவள் வயிற்றிலிருக்கும் வேந்தனுடையதாக அது மாறிவிடுகிறது.

இம்மாற்றத்துக்கு மருத்துவ நூல்களும் துணைநின்றன. சரகரும் சுசுருதரும் கருவுற்றவளை இரு இதயம் உடையவள் என்று கருதினர். நான்காம் திங்களில் கருவின் இதயம் வெளிப்படுகிறது, அதன் ஆசைகள் தாயின் வாய்வழியாகப் பேசுகின்றன என்பது சுசுருத நூலின் கருத்து. தோகதம் என்னும் சொல்லையும் இக்கருத்தோடு பொருத்திப் பொருள் கூறுவர். அவ்வாசை நிறைவேறாவிடில் குழந்தை கூனாகவோ முடமாகவோ பிறக்கும் என்னும் எச்சரிக்கையும் அந்நூலில் உண்டு. இதனால் கருவுற்றவளுக்குக் கேட்டது கிடைத்தது என்பது உண்மை. மருமகள் வாய்திறந்து ஒன்றைக் கேட்கவியலாத குடும்பங்களில், ‘பிள்ளை கேட்கிறது’ என்பதே அவளுக்கு வாய்த்த ஒரே வழக்குரையாக இருந்திருக்கும். எனினும் அவ்வழக்குரையின் விலை, ஆசையின் உரிமையைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தது. குமட்டலும் மயக்கமும் பிள்ளையின் குரலல்ல ஆதலின் அவற்றைப் பற்றிய பேச்சு காவியங்களில் அருகியது.

பௌத்தக் கதைகளில் பிம்பிசாரனின் மனைவி கருவுற்றபோது கணவனின் குருதியைப் பருக ஆசை கொள்கிறாள். சொல்ல நாணி மெலிகிறாள். அரசன் வற்புறுத்தி அறிந்து தன் குருதியைத் தருகிறான். பிறக்கும் மகன் தந்தையைக் கொல்வான் என்பதற்கு அவ்வாசை முன்னறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. அஜாதசத்துரு பின்னாளில் அதனையே செய்தான். மகனின் கொடுமைக்கும் தாயின் நாவே சான்றாயிற்று.

இவற்றையெல்லாம் விஞ்சும் நிகழ்ச்சி வான்மீகத்தின் உத்தரகாண்டத்தில் உள்ளது. சீதையிடம் கருவுற்ற குறிகளைக் கண்டு மகிழ்ந்த இராமன், உனக்கு என்ன விருப்பம், எதை நிறைவேற்ற வேண்டும் என்று வினவுகிறான். கங்கைக் கரையில் தவம் செய்யும் முனிவர்களின் இருப்பிடங்களைக் காண வேண்டும், ஓரிரவேனும் அங்கே தங்க வேண்டும் என்கிறாள் சீதை. நாளையே செல்லலாம் என்று வாக்களிக்கிறான். அன்றே ஊர்ப்பழி அவன் செவிக்கு எட்டுகிறது. அவளைக் காட்டில் விட்டு வருமாறு இலக்குவனுக்குக் கட்டளையிடும்போது, ஆசிரமங்களைக் காண வேண்டுமென்று அவளே முன்னர்க் கேட்டிருக்கிறாள் என்பதையும் இராமன் எடுத்துச் சொல்கிறான். தேரில் ஏறும் சீதை தன் வயா நிறைவேறுகிறது என்றே நம்புகிறாள். முனிபத்தினியர்க்குத் தர ஆடைகளும் அணிகலன்களும் எடுத்துக்கொள்கிறாள். உத்தரகாண்டத்தைப் பற்றி எழுந்த விவாதங்கள் தமிழில் மிகப் பல. சீதையின் கற்பு, இராமனின் அரசநெறி, வண்ணானின் சொல் ஆகியவையே அவற்றில் பெரிதும் பேசப்பட்டன. கருவுற்றவள் கேட்டதைத் தர வேண்டும் என்னும் நெறியே அவளை வெளியேற்றும் வழியாகப் பயன்பட்டது என்பது அத்துணைப் பேசப்படவில்லை.

தமிழகத்துக்கும் வடநாட்டுக்கும் அப்பால், ஏறத்தாழ இக்காலப் பரப்பிலேயே, இந்நிலையை ஒரு மருத்துவர் எவ்வாறு கண்டார் என்பதையும் இணைத்துப் பார்த்தல் பயன்தரும். எபேசு நகரில் பிறந்து உரோமாபுரியில் டிராஜன், ஹேட்ரியன் ஆகிய பேரரசர்களின் காலத்தில் மருத்துவம் செய்த சொரேனசு, மகளிர் மருத்துவம் குறித்துக் கிரேக்க மொழியில் எழுதிய நூல் கிடைத்துள்ளது. மசக்கைக்கு அவர் வழங்கும் பெயர் காக்கை இனத்துப் பறவை ஒன்றின் பெயர். கண்டதையெல்லாம் கொத்தும் பறவையாதலின் அப்பெயர் வந்தது என்பர். மண் முதலியவற்றைத் தின்னும் நிலைக்கு இன்றைய மருத்துவர் வழங்கும் ‘பைக்கா’ என்னும் சொல்லும் இலத்தீனில் அத்தகைய பறவையையே குறிக்கும். பெரும்பாலார்க்கு நாற்பதாம் நாளையொட்டித் தொடங்கி நான்கு திங்கள் அளவு நீடிக்கும் என்று சொரேனசு கணக்கிடுகிறார். குமட்டல், வாயூறல், உண்டது செரியாமை, மண், கரி, பழுக்காத காய் முதலியவற்றின்மேல் செல்லும் ஆசை எனக் குறிகளை வரிசைப்படுத்துகிறார். இருவருக்கு உண்ண வேண்டும் என்று ஊரார் சொல்வதைப் பொருட்படுத்தலாகாது என்றும் எச்சரிக்கிறார். தீங்கான பொருள்களைக் கேட்டால் முதலில் நயமாக எடுத்துச் சொல்லித் தடுக்க வேண்டும். ஆனால் அவள் மிகவும் வருந்தினால் சில நாள் கழித்துச் சிறிது கொடுக்கலாம். ஏனெனில் கிடைக்காத ஏக்கத்தால் மனம் சோர்ந்து உடலும் மெலியும் என்பது அவர் கூறும் காரணம். சுசுருத நூலில் பிள்ளையின் கூன் அஞ்சப்பட்டது. சொரேனசின் நூலில் அப்பெண்ணின் மனச்சோர்வே எண்ணப்படுகிறது.

தமிழகத்தில் புலவர் கைவிட்ட பகுதியைக் காத்துவந்தவர் வீட்டு மூதாட்டியர். சீமந்தம் வைதிகச் சடங்கு. முள்ளம்பன்றியின் முள்ளால் வகிடெடுத்தல், மந்திரம், புரோகிதர் என அது ஆண்களின் கையில் உள்ளது. வளைகாப்பு அவ்வாறன்று. பெரும்பாலும் ஏழாம் திங்களில், சிலவிடங்களில் ஐந்திலோ ஒன்பதிலோ, பெண்கள் கூடிப் பெண்ணுக்குச் செய்வது. புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எனப் பலவகைச் சோறு அன்று ஆக்கப்படுவதை விருந்தின் பொலிவு என்று மட்டும் கொள்ளலாகாது. அவற்றுள் புளிப்புச் சுவையே மேலோங்கி நிற்பதை நோக்குக. ஐங்குறுநூற்றுத் தோழியின் புளிங்காயும் நன்னாகையாரின் பச்சைப் புளியும் எங்கும் போய்விடவில்லை. சோற்றில் கலந்து வாழை இலையில் நிற்கின்றன.

வளைகாப்பு ஒருநாள் விழா. அதற்கு முன்னுள்ள திங்கள்களின் அறிவு விழாவற்றது. விடியலில் எழுந்தவுடன் வெறும் வயிற்றோடு நடமாடாமல் கைப்பிடி நெற்பொரியை வாயிலிட்டுக்கொள்ளல், ஒரே வேளையில் நிறைய உண்ணாமல் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணல், தாளிப்பு மணம் எட்டாத இடத்தில் படுக்கை, நாரத்தங்காய் ஊறுகாய், இஞ்சிச் சாறு, மாதுளை, நெல்லிக்காய் என அது நீளும். சிறுசிறு அளவில் அடிக்கடி உண்ணுமாறும், எழுமுன் உலர்ந்த உணவைச் சிறிது கொறிக்குமாறும், இஞ்சியைச் சேர்க்குமாறும் இன்றைய மகப்பேற்று மருத்துவரும் சொல்கின்றனர். இந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை. ‘எனக்கு உன்னைச் சுமந்தபோது சோற்று வாடையே ஆகாது’ என்று தாய் மகளிடம் சொல்லும் ஒற்றைத் தொடராக அது கைமாறியது. இலக்கிய வரலாறு எழுதுவோர் இத்தொடரை வாய்மொழி இலக்கியம் என்று எண்ணுவதில்லை. தாலாட்டைத் தொகுத்தவர்கள் பிள்ளை பிறந்த பிறகே பதிவைத் தொடங்கினர்.

தமிழ்த் திரைப்படம் செய்த தொண்டையும் ஓரளவு சொல்லத்தான் வேண்டும். கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். மாமியார் முகம் மலரும். அடுத்த காட்சியில் மாங்காய். வாந்தி ஒரு செய்தியாகிவிட்டது. செய்தி சேர்ந்தபின் அது நின்றுவிடும். அதற்குப் பின்னுள்ள நூறு நாட்களுக்குப் படச்சுருளில் இடமில்லை.

மண் தின்னும் மகளிரிடம் மீண்டும் வருவோம். மண், சாம்பல், அடுப்புக்கரி, சுண்ணாம்பு, பச்சரிசி ஆகியவற்றைத் தின்னும் ஆசை இரத்தச் சோகையோடு, குறிப்பாக இரும்புச்சத்துக் குறைவோடு, தொடர்புடையதாக இருப்பதை மருத்துவர் கண்டுள்ளனர். எது காரணம், எது விளைவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கருவுற்ற காலத்தில் குருதியின் நீர்ப்பகுதி பெருகுவதால் எல்லார்க்கும் குருதிச் செறிவு ஓரளவு குறைகிறது. உணவும் குறைந்தால் நோயாகிறது. இத்துறையின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளரான லூசி வில்ஸ் (1888-1964) 1928இல் பம்பாய்க்கு வந்தார். துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் வரும் கடுமையான இரத்தச் சோகையை ஆராய்வது அவர் பணி. 1929இல் சில திங்கள் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னையில் கோஷா மருத்துவமனை என்று வழங்கிய மகளிர் மருத்துவமனையிலும் அவர் ஆய்வு நடந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரைத் தாங்கி நிற்பது அம்மருத்துவமனையே. தொற்றுக் கிருமி ஒன்றால் இந்நோய் வரலாம் என்ற ஐயத்தை விலக்கி, உணவில் உள்ள குறையே காரணம் என்று அவர் நிறுவினார். காடியிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்னும் மலிவான சாறு அதனைத் தீர்த்தது. 1931இல் அவர் முடிவுகள் வெளிவந்தன. அச்சாற்றில் நோய் தீர்த்த பொருள் ஃபோலிக் அமிலம் என்று பின்னர்த் தெளிவாயிற்று. 1941இல் அது பசலைக்கீரை இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இந்திய அரசு 1970இல் தொடங்கிய இரத்தச் சோகைத் தடுப்புத் திட்டத்தின்வழிக் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை வழங்கப்பட்டது. அம்மாத்திரையே பலருக்குக் குமட்டலை மிகுவிக்கிறது என்பதையும், அதனால் அது அடுக்களைப் பரணில் தேங்குவதுண்டு என்பதையும் கிராமச் செவிலியர் அறிவர்.

வயா நோய் சாவிலும் முடியலாம் என்பதற்கு இலக்கிய உலகமே சான்று தருகிறது. ‘ஜேன் அயர்’ (1847) என்னும் புதினத்தால் புகழ்பெற்ற சார்லட் பிராண்டி 1854 ஜூனில் தம் 38ஆம் அகவையில் மணம் புரிந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கருவுற்ற குறிகளோடு ஓயாத குமட்டலும் வாந்தியும் தொடர்ந்தன. படுக்கையிலிருந்து தோழியர்க்குப் பென்சிலால் சில வரிகளே எழுத முடிந்தது. 1855 மார்ச் 31இல் மறைந்தார். சாவுப்பதிவில் எலும்புருக்கி நோய் என்றே குறிக்கப்பட்டது. மிகை வாந்தியால் உடல் நீரிழந்து மெலிந்தமையே காரணமாகலாம் என்று பிற்கால மருத்துவ அறிஞர் சிலர் கருதுகின்றனர். இன்று நூற்றுக்கு எழுபது, எண்பது பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் குமட்டலேனும் உண்டு. அவருள் மிகச் சிலருக்கே அது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றுகிறது. நரம்புவழி உப்புநீர் ஏற்றும் முறை பெருவழக்காகிவிட்டதால் பிராண்டியைப் போல் இறப்பது அரிதாயிற்று.

ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி மேலைநாட்டு மருத்துவர் பலர் இந்நோயை நோய் என்று ஒப்ப மறுத்தனர். கருவை, அல்லது கணவனை, உள்மனம் வெறுப்பதன் வெளிப்பாடே வாந்தி என்ற கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தது. தனியறையில் இட்டு உற்றாரைக் காணவிடாமல் தடுத்தனர். வாந்தியெடுக்க ஏனமும் தரவேண்டா, படுக்கை விரிப்பையும் விரைந்து மாற்ற வேண்டா என்று அறிவுரைத்தவரும் உண்டு. நோயாளியைத் திருத்துவது மருத்துவமாகக் கருதப்பட்டது. தொல்காப்பியரின் வேட்கையை இங்கே தலைகீழாகக் காண்கிறோம். காவியங்கள் நோயை மறைத்து வேட்கையை வைத்துக்கொண்டன. இம்மருத்துவரோ பெண்ணிடம் மறைவான வெறுப்பு ஒன்றைக் கற்பித்து அதனால் நோயை விளக்கினர்.

நம்ப மறுத்த காலத்தை அடுத்து, எளிதில் மருந்து கொடுத்த காலம் வந்தது. மேற்கு ஜெர்மனியின் கிரூனெந்தால் நிறுவனம் 1957 அக்டோபரில் தாலிடோமைடு என்னும் மருந்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. தீங்கற்ற உறக்க மருந்து என்று விளம்பரப்படுத்தப்பட்ட அது, கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. கருவின் கைகால்கள் அரும்பும் வாரங்களும் மசக்கை வாட்டும் வாரங்களும் ஒன்றே என்பதில்தான் கொடுமை இருந்தது. கைகால் குறைந்தும் உள்ளுறுப்புகள் சிதைந்தும் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. பல பிறந்தவுடன் இறந்தன. ஜெர்மனியில் விடுகின்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு ஆகிய மருத்துவர் தனித்தனியே காரணத்தைக் கண்டுரைக்க, 1961 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் மருந்து விலக்கப்பட்டது. அமெரிக்காவில் அது விற்பனைக்கு வராமல் தடுத்தவர் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண். பாதுகாப்புக்குப் போதிய சான்று காட்டுமாறு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்; நிறுவனத்தின் வற்புறுத்தலுக்கு இணங்கவில்லை. கிரூனெந்தால் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2012இல்.

அச்சம் எதிர்த்திசையிலும் பாய்ந்தது. 1956 முதல் அமெரிக்காவில் மசக்கைக்கென வழங்கிவந்த பென்டெக்டின் என்னும் மாத்திரை குழந்தைகளுக்கு ஊறு செய்ததென்று வழக்குகள் பெருகின. ஆய்வுகள் அதனை மெய்ப்பிக்கவில்லை. எனினும் வழக்குச் செலவைத் தாங்கமாட்டாமல் 1983இல் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது. டாக்சிலமினும் பைரிடாக்சின் என்னும் ஆறாம் பி உயிர்ச்சத்தும் சேர்ந்த அதே கலவை வேறு பெயரில் 2013இல் அமெரிக்காவில் மீண்டும் இசைவு பெற்றது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகள் அந்நாட்டுப் பெண்கள் தமக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுமில்லாமல் கழித்தனர்.

காரணம் துலங்கத் தொடங்கியது மிக அண்மையில். அமெரிக்க மரபியல் ஆய்வாளர் மார்லினா ஃபெசோ 1999இல் மிகை வாந்தியால் உண்ணவும் பருகவும் இயலாமல் படுத்து, தம் கருவை இழந்தவர். அவர் மிகைப்படுத்துவதாகவே அப்போது மருத்துவர் எண்ணினார். பின்னர் அந்நோயையே தம் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார். பல்லாயிரம் பெண்களின் மரபுத் தரவுகளை ஒப்பிட்டு, ‘ஜிடிஎஃப் 15’ என்னும் ஹார்மோனை ஆக்கும் மரபுக்கூறு இதனோடு தொடர்புடையது என்று 2018இல் அவர் குழு வெளியிட்டது. கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓ'ராகிலி முதலியோருடன் இணைந்து 2023 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி சென்றது. கருவும் நச்சுக்கொடியும் இந்த ஹார்மோனைச் சுரந்து தாயின் குருதியில் கலக்கின்றன. அது மூளையின் குமட்டல் மையத்தைத் தூண்டுகிறது. கருவுறுமுன் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்ணின் உடல் திடீர் உயர்வைத் தாங்கமாட்டாமல் கடுமையாகத் துன்புறுகிறது. முன்னரே மிகுதியாக உள்ளவர்க்கு, எடுத்துக்காட்டாகத் தலசீமியா என்னும் குருதிநோய் உடைய பெண்களுக்கு, குமட்டல் குறைவாகவே உள்ளது.

வயிற்றிலுள்ள பிள்ளை தாயின்வழிப் பேசுகிறது என்ற சுசுருதர் கருத்துக்கு இதனை ஆதரவாகக் காட்ட முனைவோர் இருப்பர். ஹார்மோனை மிகுதியும் அனுப்புவது கருவின் பக்கமே என்பது மெய். ஆனால் அது எதனையும் கேட்கவில்லை. எவ்வளவு வருந்துவது என்பதை முடிவு செய்வது, கருவுறுவதற்கு முன்பிருந்தே அப்பெண்ணுக்குரியதாக இருந்த உடல். கருவுற எண்ணும் பெண்களின் உடலை இந்த ஹார்மோனுக்கு முன்கூட்டியே சிறிது சிறிதாகப் பழக்கினால் வயா நோய் தணியுமா என்னும் வினாவை ஃபெசோவும் அவர் உடன்பணியாற்றுவோரும் இப்போது ஆராய எடுத்துக்கொண்டுள்ளனர்.